கோடு தாண்டிய நீலம்

வணக்கம். இன்று என் சேகரிப்பிலிருந்து ஒரே ஒரு படம்தான். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். மேசை தெரிகிறதா? சரி.

இது அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய ஃபிரெடரிக்ஸ்பர்க் போர், 1862 டிசம்பர் 13. நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட கல்லச்சுப் படம், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டது. கல்லிலிருந்து காகிதத்துக்கு இறங்கியது கறுப்பு மட்டும்தான். நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் அப்புறம் கையால் பூசியவை. அந்த நிறுவனத்தில் நீளமான மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வண்ணம் தீட்டிய ஒரு படம் வைத்திருக்கும். ஒருவர் ஒரு நிறத்தைப் பூசிப் பக்கத்தில் நகர்த்துவார், அடுத்தவர் அடுத்த நிறம். பலர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

இந்த வீரனைப் பாருங்கள். கால்சட்டையின் நீலம் கோட்டைத் தாண்டி, புகைக்குள் ஒரு நகக்கண் அளவு வழிந்திருக்கிறது. அவசரத்தில் பட்ட தூரிகை! 160 வருடமாக அப்படியே இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் கீழே கொட்டை எழுத்தில் உண்டு, இந்த நீலத்தைப் பூசியவர் பெயர் எங்கும் இல்லை. நான் இந்தப் படங்களைத் தேடி அலைவது இந்த வழிசலுக்காகத்தான்.

இன்னொன்று. இந்தப் போரில் வடக்குப் படை படுதோல்வி அடைந்தது. மாண்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று 12,600 பேர் வரை. படத்துக்குக் கீழே இருக்கும் வாசகமோ அவர்களின் அஞ்சாத வீரத்தைப் புகழ்கிறது. வாங்கியவர்கள் வடக்கத்தி மக்கள். மகனைப் போருக்கு அனுப்பிய வீட்டுச் சுவரில் வேறு எதை மாட்ட முடியும்?

வாங்க நினைப்பவர்களுக்கு: நான் முதலில் அசல் என்று நம்பி வாங்கியது பிற்கால மறுபதிப்பு. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்தபோதுதான் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. அன்று இரவு தூக்கமே வரவில்லை. அசலில் கோடுகள் மெழுகுக் குச்சியால் இழுத்ததுபோல் ஒழுங்கில்லாமல் சொரசொரப்பாக இருக்கும், வண்ணம் அதற்கு மேலே தனியாகப் படிந்திருக்கும். சிகாகோவின் கர்ஸ் அண்ட் அலிசன் போர்ப் படங்களை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை 1880களில் தொடங்கி வந்தவை, வண்ணமும் அச்சிலேயே ஏறியது. ஓரம் வெட்டிய பிரதியையும் தவிர்த்துவிடுங்கள். மாட்டும் படச்சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று யாரோ கத்தரித்திருப்பார்கள்.

இதே படத்தின் இன்னொரு பிரதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்த வீரனின் கால்சட்டையை மட்டும் காட்டுகிறேன்.