கோடு போடும்போதே சைக்கிளுக்கு இடம் வையுங்கள்

(சென்னையில் தெரு மேம்பாட்டுத் திட்டக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாண்புமிகு மேயர் அவர்களே, மதிப்பிற்குரிய துணை மேயர் அவர்களே, ஆணையர் அவர்களே, மண்டலக் குழுத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, பேருந்து சாலைகள் துறைப் பொறியாளர் பெருமக்களே, போக்குவரத்துக் காவல்துறை அதிகாரிகளே, குடிநீர் வாரியத்திலிருந்தும் மின்வாரியத்திலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, குடியிருப்போர் நலச் சங்கத்து அம்மாமார்களே, ஐயாமார்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, சீருடையோடு கடைசியில் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

டெண்டர் விடுவதற்கு முன்னாலேயே தெருவின் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் ஆணையர் அவர்களுக்கு முதலில் நன்றி. மழையையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் மேயர் அவர்களுக்கும் நன்றி. இந்தக் கூட்டம் மூன்று மாதம் கழித்து நடந்திருந்தால் பேசிப் பயன் இருந்திருக்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். சாலை விஷயத்தில் கண் கெடுகிற நாள், ஒர்க் ஆர்டரில் கையெழுத்தாகிற நாள்.

ஏன் என்று பொறியாளர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வேலையும் ஓர் ஐட்டம். பாதை ஓரத்தில் பதிக்கும் கெர்ப் கல் இத்தனை மீட்டர், தளம் இத்தனை சதுர மீட்டர், இத்தனை மேன்ஹோல் மூடி என்று அளவும் விலையும் எழுதித்தான் டெண்டர் போகிறது. பட்டியலில் இல்லாத ஒரு வேலையைப் பிறகு சேர்த்தால் அது கூடுதல் ஐட்டம். அதற்குத் திருத்திய மதிப்பீடு தயாரிக்க வேண்டும், மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். களத்தில் நிற்கும் உதவிப் பொறியாளருக்கு நல்ல மனசு இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். "சைக்கிள் பாதையை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தை அங்கேதான் பிறக்கிறது.

இன்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். அகலம், சந்திப்பு, பராமரிப்பு.

அதற்கு முன் ஒரு நினைவூட்டல். 2014இல் நம் மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் பிறகு நடைபாதைகள் பல தெருக்களில் அகலமாயின. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் குடும்பத்தோடு கைவீசி நடக்கலாம், மனம் நிறைகிறது. சைக்கிள்காரருக்கு மட்டும் அங்கேயும் தனிப் பாதை இல்லை. 2008இல் எடுத்த சென்னைப் போக்குவரத்து ஆய்வில் மொத்தப் பயணங்களில் காருக்கு 6 சதவீதம், சைக்கிளுக்கும் அதே 6 சதவீதம். காருக்கு எவ்வளவு தார், எவ்வளவு பாலம் போட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். பால் பாக்கெட் போடுகிறவர், வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், டியூஷனுக்குப் போகிற பிள்ளை, இவர்கள்தான் அந்த 6 சதவீதம்.

இப்போது அகலம். "இடம் எங்கே?" என்பதுதான் எல்லாக் கூட்டத்திலும் வருகிற கேள்வி. சுவரில் மாட்டியிருக்கும் தெரு 18 மீட்டர். கணக்குப் போடுவோம். இரண்டு பக்கமும் நடைபாதை 2 மீட்டர் வீதம், 4 மீட்டர். இரண்டு பக்கமும் சைக்கிள் பாதை 2 மீட்டர் வீதம், 4 மீட்டர். வண்டி ஓடும் பாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி, இரு பக்கமும் சேர்த்து 1 மீட்டர். வண்டிக்கு 3 மீட்டரில் இரண்டு தடம், 6 மீட்டர். மிச்சம் 3 மீட்டர். பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் மரத்துக்கும் இளநீர்க் கடைக்கும் மின்பெட்டிக்கும். கூட்டிப் பாருங்கள், 18 சரியாக வருகிறது. வராமல் போவது எப்போது? இரு பக்கமும் கார் நிறுத்த 2 மீட்டர் வீதம் எடுக்கும்போது. ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் வேண்டும். அந்த இடத்தில் தலைகீழ் 'ப' வடிவக் குழாய்களை 1 மீட்டருக்கு ஒன்றாக நட்டால், ஒரு குழாய்க்கு இரண்டு வீதம் பத்து சைக்கிள் நிற்கும். வணிகர் சங்கத்துப் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பத்து சைக்கிளில் பத்து வாடிக்கையாளர்.

2 மீட்டர் எதற்கு, ஒன்றேகால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சைக்கிள் ஹேண்டில் பார் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். மிதிக்கும்போது வண்டி இரு பக்கமும் ஆடும். காய்கறி மூட்டையோ இரண்டு குடமோ கட்டியிருந்தால் இன்னும் அகலம். ஒருவர் மெதுவாகப் போக, இன்னொருவர் முந்த வேண்டும். ஒன்றேகால் மீட்டரில் முந்த முடியாது. முந்த முடியாதவர் வண்டிப் பாதைக்கு இறங்குவார். அவ்வளவுதான், போட்ட பாதை வீண். ஒரே பக்கத்தில் போக வர இரண்டுக்கும் என்றால் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது.

உயரத்தையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். சைக்கிள் பாதை வண்டிப் பாதையை விட 100 மில்லிமீட்டர் உயரம், நடைபாதை அதைவிட 50 மேலே. வெறும் வெள்ளைக் கோடு போட்டால் ஒரு வாரத்தில் அது பார்க்கிங். இரு சக்கர வாகனத்தைக் கம்பம் நட்டுத் தடுக்கலாம் என்கிறார்கள். அதில் ஒரு சிக்கல். சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் விட வேண்டும். 90 விட்டால் பைக்கும் நுழையும், அதன் ஹேண்டில் அகலமே 70, 80தான். ஆகவே கம்பம் காரைத் தடுக்க மட்டும், 1.2 மீட்டர் இடைவெளியில். பைக்குக்கு, இடையில் ஏற வழியில்லாத தொடர் கெர்ப்பும் முதல் மூன்று மாதம் காலை மாலை ஒரு காவலரும் வேண்டும். காவல்துறை அதிகாரிகள் தலையசைப்பதைப் பார்க்கிறேன், நன்றி ஐயா.

வீட்டு வாசல்களில்தான் பாதை கெட்டுப்போகிறது. ஒவ்வொரு கேட்டுக்கும் சைக்கிள் பாதையை இறக்கி ஏற்றுகிறார்கள். 100 மீட்டரில் எட்டு கேட் இருந்தால் எட்டு இறக்கம், எட்டு ஏற்றம். ஒட்டகத்தின் முதுகில் யாரும் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள். பாதை ஒரே மட்டத்தில் போக வேண்டும், சரிவு அந்த அரை மீட்டர் இடைவெளிக்குள்ளேயே முடிய வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் வளைந்து போக வேண்டும்.

இன்னும் ஒன்று, மழைநீர் வடிகால் கிராதி. நம் ஊர் சாதாரண சைக்கிள் டயர் 38, 40 மில்லிமீட்டர் அகலம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். கியர் சைக்கிளில் 25 கூட உண்டு. கிராதிக் கம்பிகள் போகிற திசைக்கு நேராக இருந்தால் முன்சக்கரம் இடைவெளியில் இறங்கி நிற்கும், ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் தாண்டி விழுவார். கம்பி குறுக்கே இருக்க வேண்டும். அதைவிட நல்லது, கெர்ப் கல்லின் பக்கவாட்டில் தண்ணீர் நுழையும் வாய் வைத்துவிடுவது. வரைபடத்தில் இது ஒரு சின்ன அம்புக்குறி. ரோட்டில் போட்ட பிறகு ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் திருப்ப வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சந்திப்புக்கு வருகிறேன். பக்கத் தெரு வந்து சேரும் இடத்தில் நடைபாதை, சைக்கிள் பாதை மட்டத்திலேயே மேடை போட்டுவிடுங்கள். வண்டி தானாக வேகம் குறையும். திருப்பத்தின் வளைவு ஆரம் 4 மீட்டர் போதும். 10, 12 என்று வைத்தால் கார் பிரேக் தொடாமலே திரும்பும், அங்கேதான் இடது பக்கம் நேராகப் போகும் சைக்கிள் அடிபடுகிறது. சிக்னலில் காரின் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்குத் தனிக் கட்டம் வேண்டும்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும், பிள்ளைகளும் கேட்கட்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகும் பெண்கள் ஊர் ஊராக எப்படிப் போவார்கள்? பஸ்ஸுக்கு நின்றால் பாதி நாள் போய்விடும். சைக்கிள் கற்றுக்கொடுங்கள் என்று முடிவாயிற்று. எழுத்தறிவு இயக்கத்துக்குள்ளேயே சைக்கிள் பயிற்சி. சொல்லிக்கொடுக்கவும் பாட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிராமத்து மைதானங்களில் நல்ல சேலை கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதா என்று கேலி பேசினவர்கள் பேசினார்கள். இவர்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். வயல் வேலைக்காரர், கல்குவாரித் தொழிலாளி, அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியை என்று எல்லோரும் வந்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போக, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கினவர்களும் உண்டு. முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம், நடுவில் அம்மா. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிக் கற்றார்கள். தண்ணீருக்கு, சந்தைக்கு, வேலைக்கு அண்ணனையும் கணவனையும் பஸ்ஸையும் எதிர்பார்க்காமல் போனார்கள்.

அன்று புதுக்கோட்டைப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பயிற்சி. ரோடு காலியாக இருந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியும், சைக்கிளும் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று 2001இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கிற எல்லோருக்கும் என்று வளர்ந்தது. ரோடுதான் இல்லை. அதனால் மாநகரத்தில் பல வீடுகளில் அந்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. அம்மா அனுப்பப் பயப்படுகிறார்.

பராமரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். தார் போடும் முன் பழைய தளத்தைச் சுரண்டி எடுப்பது, மேன்ஹோல் மூடியை மட்டத்துக்கு ஏற்றுவது, கேபிளுக்குத் தோண்டிய இடத்தை யார் மூடுவது, இதெல்லாம் அதில் அடங்கும். எழுத்தாக ஆணையர் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன். கிடைத்த நேரத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்கிறேன்.

மேயர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். மெகா ஸ்ட்ரீட்ஸ் ஆகட்டும், வேறு எந்தத் தெருத் திட்டம் ஆகட்டும், ஒவ்வோர் அரசுப் பள்ளியையும் மாநகராட்சிப் பள்ளியையும் நடுவில் வைத்து 2 கிலோமீட்டருக்கு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் வருகிற தெருத் திட்டம் எதுவானாலும் சைக்கிள் பாதை கட்டாய ஐட்டமாக எஸ்டிமேட்டில் இருக்கட்டும். 12 மீட்டருக்குக் குறுகிய தெருவானால் தனிப் பாதை வேண்டாம், 80 மீட்டருக்கு ஒரு வேகத்தடை மேடையும் 30 கிலோமீட்டர் வேக வரம்பும் போதும். துண்டு துண்டாகப் போட்டால் யாரும் ஓட்ட மாட்டார்கள். ஸ்பெயினில் செவில் நகரம் 2006இலிருந்து நாலைந்து வருடத்துக்குள் சுமார் 120 கிலோமீட்டரை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது. அங்கே சைக்கிள் கூட்டம் பல மடங்கு பெருகியது, இணைப்பு இருந்ததால். நமக்கு 120 வேண்டாம். பள்ளி வாசலில் தொடங்கி பிள்ளையின் தெரு முனை வரை அறுபடாமல் இருந்தால் போதும்.

சுவரில் இருக்கும் வரைபடத்தில் தலைமையாசிரியை அம்மா பள்ளியின் வாசல் இருக்கிறது. அதற்கு எதிரே 34 மீட்டர் நீளத்துக்குக் கார் பார்க்கிங் என்று போட்டிருக்கிறார்கள். மேயர் அவர்களும் தலைமைப் பொறியாளர் அவர்களும் மேடையிலிருந்து இறங்கி வந்து, அந்த இடத்தில் 2 மீட்டர் அகலத்துக்குச் சைக்கிள் பாதைக் கோடு போட்டு, இன்றைய தேதியோடு கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பென்சிலும் அடிக்கோலும் அந்த மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.