பட்டா, சிட்டாவோடு விசாவுக்குப் போகலாம்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர்கள். இப்போது முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளும் வருகிறார்கள். சந்தோஷம்தான். அவர்களுக்காகவும், செலவுக்குப் பணம் கொடுக்கப்போகிற பெற்றோருக்காகவும் இன்றைக்குப் பேசுகிறேன்.

படிவத்தில் எத்தனை கேள்வி இருந்தாலும் விசா அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஆள் ஊர் திரும்புவாரா? மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு என்று காட்ட எல்லாம் இருக்கிறது. நம் டெல்டா விவசாயி எதைக் காட்டுவார்? விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. பெரும்பாலும் ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டார். குறுவை அறுத்தால் ஒரு தொகை, சம்பா அறுத்தால் ஒரு தொகை. நடுவில் பாஸ்புக் சும்மா கிடக்கும். நமக்கு இது சாதாரணம். டெல்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும் தூதரக அதிகாரிக்கு, திடீரென்று முளைத்த பணமாகத் தெரியும்.

ஆகவே கணக்கை நாமே விளக்கிவிட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, அதே தொகை வங்கியில் வரவான பக்கம், பட்டா, சிட்டா எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்குங்கள். எங்கள் ஊரில் எந்த மாதம் அறுவடை, எப்போது பணம் வரும் என்று பத்து வரியில் ஒரு கடிதம். அப்பா செலவில் பிள்ளை போனால், அவர் செலவை ஏற்பதாகக் கையெழுத்திட்ட கடிதமும், உறவைக் காட்ட பிறப்புச் சான்றிதழும் வேண்டும். விண்ணப்பிக்கிற வாரத்தில் மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். இருக்கிற நல்ல கணக்கையும் அது கெடுத்துவிடும்.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்கு அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று உடனே தளர்த்தவும் செய்தது. அமெரிக்க விசாவிலோ முதல் பெயர் தெரியாது என்ற பொருளில் எஃப்.என்.யு. என்று அச்சாகி வரும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் ஏற்றிவிடுவது நல்லது. அதற்குத் தஞ்சாவூர் சேவா கேந்திரா போதும். காலாவதிக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகளில் உள்ளே விடமாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகள். ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்தத் தூதரகத்தில் தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்று பார்த்துப் போடுவது வம்பு.

முதல் பயணத்துக்கு நான் நேபாளத்தைச் சொல்வேன். நமக்கு விசாவே தேவையில்லை. சிங்கப்பூர் போகிறவர்கள் விசா வாங்கிய பிறகு, போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கிற தளம் வேறு யாரோ நடத்துவது.

வியட்நாம் இ-விசா எளிது, 90 நாள் வரை தருகிறார்கள். எந்த வழியாக நுழைகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஹனோயில் இறங்கி, பஸ்ஸில் லாவோஸ் போய்வந்து, ஹனோயிலிருந்தே ஊர் திரும்பத் திட்டம் போட்டிருந்தார். கையிலிருந்த விண்ணப்பமோ ஒருமுறை நுழைவுக்கு, 25 டாலர். லாவோஸ் எல்லையைத் தாண்டியதுமே அந்த விசா முடிந்துபோகும். ஹனோயில் விமானம் காத்திருந்தாலும் ஏறப் போக முடியாது. பலமுறை நுழைவுக்கு 50 டாலர். அதைக் கட்டச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டுதான் கட்டினார்.

வணக்கம்.