ஊரை மாற்றினால் கதை நிற்குமா? இந்த ஆண்டின் அர்பன் ஃபேன்டஸி, டார்க் ஃபேன்டஸி தேர்வுகள்

[காட்சி: பினாங்கு ஜார்ஜ் டவுன், பொழுது சாயும் நேரம். சாலையோர மரத்தடியில் சிவப்புச் சாயம் பூசிய குட்டிக் கோயில். பின்னணியில் கட்டுமான கிரேன்.]

வணக்கம். மரத்தடியில் இருப்பவர் டத்தோ கோங். தலையில் சொங்கோ என்ற மலாய்த் தொப்பி, இடுப்பில் சாரோங். சீனர்கள் கும்பிடும் மலாய்க்காரச் சாமி. வெற்றிலை வைக்கலாம், ரோக்கோ டாவுன் என்ற இலைச்சுருட்டு வைக்கலாம், சாம்பிராணி போடலாம். பன்றி இறைச்சி மட்டும் கூடவே கூடாது. நிலத்தைத் திருத்தி அடுக்குமாடி கட்ட வரும் குத்தகைக்காரர்கூட, பூசை போட்டு உத்தரவு கேட்காமல் இவரை இடம் மாற்றத் தயங்குவார்.

அர்பன் ஃபேன்டஸி என்பது ஏறக்குறைய இதுதான். நடப்பு காலத்து நகரம், அதே மண்ணில் தனக்கென்று சட்டதிட்டம் வைத்திருக்கும் இன்னொரு சக்தி, இரண்டுக்கும் இடையே இடத்தகராறு. ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் பாதி, தோல் ஜாக்கெட் போட்ட நாயகியும் ரத்தக்காட்டேரிக் காதலனும்தான். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: கதையை வேறு ஊருக்கு மாற்றினால் நிற்குமா? நின்றுவிட்டால் அந்த நகரம் வெறும் திரைச்சீலை.

டார்க் ஃபேன்டஸிக்குக் கேள்வி வேறு: மந்திரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? ரத்தமும் இருட்டும் எவ்வளவு என்பது முக்கியமில்லை. கொடுத்த விலை கடைசி அத்தியாயத்தில் திரும்பக் கிடைத்துவிட்டால் அது சாதாரண சாகசக் கதை.

[திரையில்: பிளாக் வாட்டர் சிஸ்டர், ஸென் சோ, 2021]

முதல் இடம் நம் ஊருக்கே. ஜெஸ் அமெரிக்காவில் வளர்ந்து ஹார்வர்டில் படித்த பெண். வேலை இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபின் குடும்பத்தோடு பினாங்குக்கே திரும்பி, அத்தை வீட்டில் தங்குகிறாள். தனக்கு ஒரு காதலி இருப்பதை வீட்டில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் செத்துப்போன பாட்டியின் குரல் தலைக்குள் கேட்க ஆரம்பிக்கிறது. அம்மாவிடம் மறைத்த ரகசியம் பாட்டிக்கு முதல் பேச்சிலேயே தெரிந்திருக்கிறது. தனி அறையே கிடைக்காத கூட்டுக்குடும்பத்தில், மண்டைக்குள்ளும் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நாவலின் சிரிப்பும் பயமும் இங்கிருந்துதான்.

பாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு பெண் தெய்வத்துக்குச் சாமியாடி. அந்தக் கோயில் நிலத்தில் ஒரு பணக்கார டெவலப்பர் கை வைக்கப் பார்க்கிறார். சாமிக்குக் கோபம், பாட்டிக்குப் பழைய பகை, இரண்டும் இறங்குவது பேத்தியின் உடம்பில். மேலே கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இந்தப் புத்தகம் பதில் சொல்கிறது. நில விலை, குண்டர் கும்பல், ஹொக்கியன் சீனக் குடும்பத்து மரியாதை, தெருவோரத் தெய்வம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கதையை வேறு ஊருக்கு நகர்த்த முடியாது. சாமி ஏறினால் ஆடுபவர் உடம்புக்கு என்ன ஆகும் என்பதையும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்.

வெளிநாட்டு வாசகர்கள் தடுமாறும் இடம் உரையாடல். மலேசிய ஆங்கிலமும் ஹொக்கியனும் விளக்கக் குறிப்பில்லாமல் வரும். கோப்பிக்கடையில் காது தீட்டி உட்கார்ந்து பழகியவருக்கு அதில் சிரமமே இருக்காது. வாய்விட்டுப் படித்தால் இன்னும் சுவை. நடுப்பகுதியில் ஜெஸ் முடிவெடுக்காமல் இழுப்பது கொஞ்சம் சலிப்புத் தரும், அதை மறைக்க வேண்டியதில்லை. இதற்கு முன்பாகமோ பின்பாகமோ இல்லை. இந்த வகைக்குப் புதியவர் இதிலிருந்தே தொடங்கலாம்.

[திரையில்: ரிவர்ஸ் ஆஃப் லண்டன், பென் ஆரோனோவிச், 2011]

அடுத்தது லண்டன். பீட்டர் கிரான்ட் என்ற இளம் போலீஸ்காரர் கொலை நடந்த இடத்தில் காவலுக்கு நிற்கிறார். நடந்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல ஒருவர் வருகிறார். அவர் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. பீட்டர் பதறாமல் வாக்குமூலம் வாங்கப் பார்க்கிறார். தொடர் முழுக்க இதே தொனிதான்.

இங்கே கவனிக்க வேண்டியது விலை. மந்திரம் போட்டால் அருகில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னணுக் கருவியின் சிப் மணலாகப் பொடிந்துவிடும். கைப்பேசியைத் திறந்தால் உள்ளே பொடி. அதனால் பீட்டர் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பயிற்சி செய்யப் பழகுகிறார். அளவு மீறினால் மந்திரவாதியின் மூளைக்கே கேடு. எழுத்தாளர் ஒரே விதியில் இரண்டு காரியம் முடிக்கிறார்: எல்லாச் சிக்கலையும் மந்திரத்தால் தீர்க்க முடியாது, ஆபத்தில் ஃபோன் போட்டு உதவி கூப்பிடவும் முடியாது. இந்தக் காலத்துப் பேய்க்கதை எழுதுபவர்களுக்குக் கைப்பேசி பெரிய தலைவலி. அதற்கு இதைவிட நேர்த்தியான மருந்து அபூர்வம்.

நதிகளும் இங்கே ஆட்களாக நடமாடுகின்றன. தேம்ஸ் தாய் நைஜீரியாவிலிருந்து வந்தவர், மேல்பகுதி நதிக்குத் தனியாக ஒரு தந்தை, இருவருக்கும் எல்லைப் பிரச்சினை. தெருவுக்கு அடியில் மூடப்பட்ட டைபர்ன் போன்ற ஓடைகள் அந்தத் தாயின் மகள்கள். ஆற்றைத் தாயென்று கும்பிடும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இதே நாவல் அமெரிக்காவில் 'மிட்நைட் ரயட்' என்ற பெயரில் வந்தது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். வரிசை மாற்றியும் படிக்கக்கூடாது. அடுத்தது 'மூன் ஓவர் சோஹோ', அதில் தொடங்கும் வில்லன் கதை பல பாகங்களுக்கு நீள்கிறது. பினாங்குப் பாலத்து ஜாமில் தினமும் சிக்குபவர்களுக்கு ஒலிநூல் நல்லது. வாசிப்பவர் கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித், ஒவ்வொரு நதிக்கும் ஒரு குரல் வைத்திருக்கிறார்.

[திரையில்: தி நைட் டைகர், யாங்ஸி சூ, 2019]

இது அர்பன் இல்லை. காலம் 1931, களம் ஈப்போவும் பத்து காஜாவும். எஜமானர் இறந்துவிட்டார். அவருடைய வெட்டுப்பட்ட விரலைத் தேடி எடுத்து உடலோடு சேர்க்க வேண்டும், கெடு 49 நாள். தேடுபவன் ரென் என்ற 11 வயது வேலைக்காரப் பையன். அந்த விரலோ ஒரு கண்ணாடிக் குப்பிக்குள், நடன மண்டபத்தில் ஆடும் ஜி லின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஊரில் மனிதப் புலி உலவுவதாகப் பேச்சு. நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருப்பதால் பக்கங்கள் தானாகப் புரளும். காதல் பகுதி சிலருக்கு ஒத்துவராது. ஆசிரியை அதை வேண்டுமென்றே சங்கடமாக வைத்திருக்கிறார்.

[திரையில்: தி பிளாக் கம்பெனி, கிளென் குக், 1984]

டார்க் ஃபேன்டஸி என்றால் இதை விட்டுப் பேச முடியாது. கூலிப்படை ஒன்று காசு வாங்கிக்கொண்டு தீய பேரரசியிடம் வேலைக்குச் சேர்கிறது. கதை சொல்பவர் படையின் வைத்தியரும் நாட்குறிப்பாளருமான குரோக்கர். யாரும் யோக்கியர் இல்லை, ஆனாலும் தோழனைக் கைவிடக்கூடாது என்ற ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எப்போது அழியும் என்ற பதைப்புதான் நாவல்.

நிறையப் பேர் முதல் அத்தியாயத்திலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். காரணம் நடை. நாட்டுக்கு விளக்கமில்லை, ஊருக்கு வர்ணனையில்லை, பெயர்களெல்லாம் பட்டப்பெயர்கள். மொத்தம் 7 நீண்ட அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய தனிக்கதை. பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டாவது அத்தியாயத்தில் ரேவன் வந்து சேரும்வரை பொறுங்கள், பிறகு தானாகப் பிடிபடும். முதல் மூன்று பாகங்களும் சேர்ந்த ஒரே தொகுப்பு கிடைக்கிறது. அதை வாங்குவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் பேரரசியின் கதை மூன்றாவதில்தான் ஒரு கட்டத்துக்கு வருகிறது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சைனா மியேவிலின் 'பெர்டிடோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்' 2000-இல் வந்தது. முழுக்கக் கற்பனை நகரம், மனிதர் மனதை உறிஞ்சிக் குடிக்கும் அந்துப்பூச்சிகள், தடித்த புத்தகம். வேகம் பிடிக்கவே நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆகும், விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள். கசாண்ட்ரா கோவின் 'ரூபர்ட் வோங், கேனிபல் ஷெஃப்' 2015-இல் வந்த மெல்லிய புத்தகம், களம் கோலாலம்பூர். பிணந்தின்னிகளுக்குச் சமைத்துப் போடும் சமையல்காரர் கதை. தலைப்பில் உள்ளதைச் சமையல் நுணுக்கத்தோடு அப்படியே எழுதியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

[காட்சி: பினாங்கு சௌராஸ்தா சந்தை, மாடியில் பழைய புத்தகக் கடைகள். அடுக்குகளுக்கு நடுவே ஒரு கை முதுகுப் பட்டையைத் தடவிப் போகிறது.]

பழைய புத்தகமாகத் தேடினால் சௌராஸ்தா மாடி. இங்கே தொடர்களின் நடுப்பாகங்கள்தான் அதிகம் சிக்கும், மலிவு என்று மூன்றாம் பாகத்தை எடுத்துவிட்டு முதல் பாகத்துக்கு அலைவது வழக்கமான கூத்து. முகப்பை நம்பாமல், தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் 'இதே ஆசிரியரின் பிற நூல்கள்' என்ற பட்டியலைப் பாருங்கள், வரிசை பெரும்பாலும் அங்கே இருக்கும். நம் ஊர் ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. நடுப்பகுதியைப் பிரித்து முகர்ந்து, பூஞ்சை வாடை அடித்தால் வைத்துவிடுங்கள், வீட்டில் உள்ள மற்ற புத்தகங்களுக்கும் தொற்றும். புதிதாக வேண்டுமென்றால் கோலாலம்பூரில் கே.எல்.சி.சி. கினோகுனியா இருக்கிறது. அலமாரியில் இல்லாவிட்டால் கிளம்பிவிடாமல் கடைக்காரரிடம் கேளுங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஐ.எஸ்.பி.என். எண் மூன்றும் கையில் இருந்தால் சரியான பதிப்பையே வரவழைக்கச் சொல்லலாம்.