படுக்கையறைக்குள் விழும் தெருவிளக்கு: எங்கே தடுப்பது, எப்படித் தடுப்பது

(காட்சி: இரவு. குறுகிய குடியிருப்புத் தெரு. கம்பத்தில் எரியும் வெள்ளை விளக்கு, எதிர் வீட்டின் மாடி ஜன்னலை நேராக ஒளிர்விக்கிறது.)

வணக்கம். தெருக்களில் சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளி போய் எல்இடி விளக்குகளின் வெள்ளை ஒளி வந்த பிறகு, மாடி வீடுகளில் குடியிருப்பவர்கள் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: அறை விளக்கை அணைத்தாலும் அறை இருட்டாவதில்லை. அந்த வெளிச்சம் ஏன் உள்ளே வருகிறது, தூக்கத்தை என்ன செய்கிறது, அதை எங்கே தடுப்பது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுக்க வேண்டிய முதல் இடம் விளக்கு; ஜன்னல் இரண்டாவது இடம்தான்.

இந்தியாவில் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றும் தேசியத் திட்டம் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கப்பட்டது. மின்சாரம் மிச்சமாவதால் உள்ளாட்சிகளின் செலவு குறைகிறது, சாலையில் வருபவரின் முகமும் துணியின் நிறமும் தெளிவாகத் தெரிகின்றன; இந்த மாற்றம் நல்லதே. ஆனால் ஒளியின் இயல்பும் அதோடு மாறிவிட்டது. ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் பாய்ந்தது என்பதைச் சொல்லும் அளவு நிற வெப்பநிலை; அதன் அலகு கெல்வின், எண் கூடினால் நீலமும் கூடும். சோடியம் விளக்கின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 2000 கெல்வின். அதில் நீல நிறம் மிகக் குறைவு. வெள்ளை எல்இடியோ நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் நிறப் பூச்சு பூசிச் செய்யப்படுவது. பூச்சில் படாமல் கடந்து வரும் நீலமும், பூச்சிலிருந்து வெளிப்படும் மஞ்சளும் கலந்துதான் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகின்றன. சற்றே நீலம் பாய்ந்த வெண்மையாக எரியும் விளக்குகள் 5000 கெல்வினைத் தாண்டியவை.

(காட்சி: கண்ணின் குறுக்குவெட்டுப் படம், விழித்திரையில் சில செல்கள் மட்டும் ஒளிர்கின்றன.)

நீலம் ஏன் முக்கியம்? நம் விழித்திரையில் பார்வைக்கென்று இருக்கும் செல்களைத் தவிர, வெளியே பகலா இரவா என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் செல்கள் சில உண்டு. அவை தாமாகவே ஒளியை உணர்பவை என்பது 2002இல் உறுதியானது. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்னும் நிறமி, 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிகிறது. அச்செல்கள் தூண்டப்பட்டால், இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. உறக்கம் வரும் நேரம் தள்ளிப்போகிறது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2022இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 100 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் ஓர் இரவு உறங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியதையும், காலையில் இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அதிகரித்ததையும் கண்டார்கள். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 20 பேர் மட்டுமே. மேலும் 100 லக்ஸ் என்பது விளக்கு எரியும் அறையின் அளவு. தெருவிளக்கு பெரும்பாலும் அவ்வளவு வெளிச்சத்தைப் படுக்கைக்குக் கொண்டுவருவதில்லை. ஆகவே அச்சம் வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம். உறங்கும் அறையில் கண்ணை அடையும் ஒளி, நீலத்துக்கு எடை கொடுத்து அளக்கும் முறையில், 1 லக்ஸைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உறக்கவியல், ஒளியியல் அறிஞர்கள் குழு ஒன்று அதே ஆண்டில் பரிந்துரைத்தது. முழுநிலவின் ஒளி தரையில் 0.3 லக்ஸுக்கும் குறைவாகவே இருக்கும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வியன்னாவில் இயங்கும் சர்வதேச ஒளியியல் ஆணையமோ, நகரக் குடியிருப்புப் பகுதிகளில் பின்னிரவில் ஒரு வீட்டின் ஜன்னல்மேல் விழும் வெளிச்சம் 2 லக்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பரபரப்பான நகர மையங்களுக்கு அந்த வரம்பு 5 லக்ஸ்.

இப்போது வீட்டுக்குள் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். ஜன்னல் அருகே நின்று விளக்கு உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, நேரே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். திரைச்சீலை வாங்கும் முன் செய்ய வேண்டிய இந்த எளிய வேலையைப் பலர் செய்வதில்லை. விளக்கு கீழே இருந்தால், ஒளி மேல்நோக்கி வந்து கூரையில் பட்டுத்தான் அறையெங்கும் பரவும். அப்படியானால் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே ஒளியில் ஒரு பகுதி நின்றுவிடும், மேல்பாதி காற்றுக்குத் திறந்திருக்கலாம். விளக்கு மேலே இருந்தால், ஜன்னலுக்கு வெளியே சாய்வாக ஒரு மூங்கில் தட்டியைக் கட்டலாம்: மேல்விளிம்பு சுவரோடு ஒட்டியிருக்க, கீழ்விளிம்பு சுவரிலிருந்து விலகி நின்றால், மேலிருந்து வரும் ஒளி தட்டியில் நின்றுவிடும், காற்று கீழ்வழியாக வரும். சித்திரை வெயிலில் இரவெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்க வேண்டிய ஊர்களில், ஒளி புகாத கனத்த திரையை இறுக மூடிக்கொள்ளச் சொல்வது பாதி யோசனைதான். குளிர்சாதன வசதி இல்லாத வீட்டுக்கு அது புழுக்கத்தையே தரும்.

திரைதான் ஏற்றது என்று தோன்றினால், கடையில் துணியைக் கைப்பேசி டார்ச்சின் மேல் பிடித்துப் பாருங்கள். விளக்கின் வடிவம் தெரிந்தால் அந்தத் துணி பயன்படாது. திரைக்கம்பி ஜன்னலை விட இருபுறமும் ஒரு சாண் நீண்டிருக்கட்டும், ஏனெனில் துணியின் ஊடே வருவதை விட ஓரங்களின் வழியே வரும் ஒளியே அதிகம். கண்ணாடியில் நிரந்தரமாகக் கறுப்புத் தாள் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவில் இருட்டு எவ்வளவு தேவையோ, பகலில் வெளிச்சமும் அவ்வளவு தேவை. கட்டிலை இடம் மாற்றிப் போட வசதி இருந்தால், அதற்குச் செலவே இல்லை.

(காட்சி: தெருவின் பக்கவாட்டு வரைபடம். கம்பம், அதன் பின்னால் ஒரு வீடு, சாலைக்கு அப்பால் எதிர் வீடு.)

இனி விளக்குக்கு வருவோம். நன்றாகப் பொருத்தப்பட்ட தெருவிளக்கின் ஒளி சாலையில் விழ வேண்டும். மாடி ஜன்னலில் விழும் ஒளி சாலைக்குப் பயன்படாமல் வீணாவது. அது அங்கே விழுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. விளக்கு பொருத்தப்பட்ட கை மேல்நோக்கி அதிகம் சாய்ந்திருப்பது முதல் காரணம். அகலமான சாலையில் ஒளி தூரம் செல்வதற்காக வைக்கும் சாய்வை இருபதடித் தெருவிலும் வைத்தால், ஒளி சாலையைத் தாண்டி எதிர் வீட்டு மாடியில் ஏறிவிடும். தெருவின் அகலத்துக்குத் தேவையானதை விட அதிக வாட் விளக்கைப் போடுவது இரண்டாவது. எல்இடி மணிகள் நேரடியாகக் கண்ணில் படும்படி விளிம்பில்லாத விளக்குகள் அமைவது மூன்றாவது. கம்பம் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் சாய்வைக் குறைத்து விளக்கைத் தரைக்கு இணையாக்குவதே தீர்வு. கம்பம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தால், விளக்கின் பின்பக்கத்தில் ஒரு மறைப்புத் தகடு போதும். சிறிய உலோகத் தகடுதான். சாலையின் வெளிச்சத்தைப் பெரிதாகக் குறைக்காமல், பின்னால் செல்லும் ஒளியை மட்டும் அது நிறுத்தும்.

இவையெல்லாம் நடவாத காரியங்கள் அல்ல. புதிய வெள்ளை விளக்குகளைக் குடியிருப்போர் எதிர்த்ததால், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரம் 2014இல் குடியிருப்புத் தெருக்களுக்கு 2700 கெல்வின் விளக்குகளைத் தேர்ந்தெடுத்தது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும், தெருவிளக்குகள் 3000 கெல்வினுக்கு மேற்படாமலும் கண் கூசாதபடி மறைக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

தமிழ்நாட்டில் தெருவிளக்குகளைப் பராமரிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகளே. கம்பம் மின்வாரியத்துடையதாக இருந்தாலும் விளக்குக்கான மனு உள்ளாட்சிக்கே செல்ல வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு 1913, மாநில அரசின் பொதுக் குறைதீர்ப்புக்கு 1100 ஆகிய எண்களில் பதிவு செய்யலாம். விளக்கை அணையுங்கள் என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்களுக்கும், கண்பார்வை மங்கிய முதியவர்களுக்கும் அந்த ஒளி தேவை. அதனாலேயே அணைக்கச் சொல்லும் மனுவை எந்தப் பொறியாளரும் ஏற்கத் தயங்குவார். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும், படுக்கையில் படுத்த நிலையில் எடுத்த புகைப்படத்தையும் இணைத்து, “விளக்கின் சாய்வைக் குறைக்கவும், வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு பொருத்தவும் வேண்டுகிறோம்” என்று எழுதுங்கள். அதே விளக்கால் தொல்லைப்படும் பக்கத்து வீட்டாரின் கையெழுத்தும் இருந்தால் மனுவுக்கு வலு கூடும். எக்காரணம் கொண்டும் நீங்களே கம்பத்தில் ஏறவோ, விளக்கில் துணியையோ அட்டையையோ கட்டவோ முயலாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

பணியாளர்கள் பகலில் வந்து சாய்வை மாற்றிவிட்டுப் போவார்கள். பகலில் அதன் விளைவு தெரியாது. அன்றிரவே படுக்கையில் படுத்து, தலையணையிலிருந்து எல்இடி மணிகள் நேராகக் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். பட்டால் வேலை இன்னும் முடியவில்லை. பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, இம்முறை மறைப்புத் தகட்டை மட்டும் கேட்டு மீண்டும் எழுதுங்கள்.