அடுத்த வீட்டு மாவு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

பாட்டுக்கு உயிர் எழுதினவர் குரல்லயா, அதை எடுத்து வாசிக்கிற ஜாஸ் கலைஞர் கையிலயா? நான் கலைஞர் பக்கம். எதிரணி நண்பர் போகிற போக்குல ஒண்ணு சொன்னார்: "ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 2007-ல, ஜோனி மிட்செல் எழுதிப் பாடின பாட்டுகளை வெச்சு 'ரிவர்'னு ஆல்பம் போட்டாரே, அது அடுத்த வீட்டு மாவுல சுட்ட தோசை. சில பாட்டுல வரியே கிடையாது. வரி போனா ஜோனி எங்கே?" நீங்களும் கை தட்டினீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஐயா, அந்த மாவு எப்படி அரைச்சதுன்னு தெரியுமா?

கனடாவுல ஒரு பொண்ணு, அதான் இந்த ஜோனி. ஒன்பது வயசுல போலியோ. பிழைச்சுடுச்சு, ஆனா இடது கைக்குப் பழைய பலம் வரலை. வளர்ந்து கிட்டார் எடுக்குது. கிட்டார்ல கார்டு, அதாவது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற கூட்டு, பிடிக்கிறது எந்தக் கை? அதே இடது கை! ஊரே பிடிக்கிற கார்டை அந்த விரல் பிடிக்க மாட்டேங்குது. நாமளா இருந்தா கிட்டாரைப் பரண்ல போட்டிருப்போம். அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? விரலை மாத்த முடியாது, தந்தியை மாத்துச்சு! முறுக்காணியைத் திருகித் திருகி, தந்திகளைத் தன் கைக்குத் தோதான சுருதியில நிறுத்துச்சு. ஒரு விரலைக் குறுக்கே படுக்க வெச்சாப் போதும், கார்டு வந்துடும். திரும்பச் சொல்றேன், கை கிட்டாருக்கு வளையலை. கிட்டார் அந்தக் கைக்கு வளைஞ்சுது!

அப்படிப் பிறந்த கார்டு முடிஞ்ச மாதிரி ஒலிச்சு வீடு வந்து சேராது. கேள்வி கேட்டுக்கிட்டே வாசல்ல நிக்கும். ராக் வாசிக்கிறவங்க தடுமாறினாங்க. ஜாஸ்காரங்களுக்கு அது தாய்மொழி மாதிரி.

மாவு மாவுன்னீங்களே, சார்லஸ் மிங்கஸ் என்ன பண்ணினார்? ஜாஸ்ல பேஸ் வாத்திய மேதை. தசையெல்லாம் செயலிழக்கிற நோய், சக்கர நாற்காலி. அந்த நிலைமையில ஜோனியைக் கூப்பிட்டுத் தன் மெட்டுகளைக் கொடுத்தார், வரி எழுதச் சொல்லி. 1979 ஜனவரியில போயிட்டார். அந்த மெட்டுகளை வெச்சு ஜோனி போட்ட ஆல்பம் வெளிவந்ததைப் பார்க்கலை. அதுல பியானோ யாரு? இதே ஹெர்பி. சாக்ஸபோன்? வெய்ன் ஷார்ட்டர். 28 வருஷம் கழிச்சு 'ரிவர்'லயும் அதே ரெண்டு பேர். ஜோனியே வந்து ஒரு பாட்டு பாடினாங்க. இது அடுத்த வீடா ஐயா? ஒரே அடுப்படி!

வரி இல்லைன்னீங்க. ஹெர்பி தன் குழுவுக்கு முதல்ல கொடுத்தது பாட்டு வரிகளை. படிச்சு, பேசி, அர்த்தம் உள்ளே இறங்கின பிறகுதான் வாத்தியத்தைத் தொட்டாங்க. அந்த ஆல்பத்துக்கு 2008-ல அமெரிக்க இசை விருதான கிராமியோட 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருது. அது கிடக்கட்டும்.

2015-ல ஜோனிக்கு மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுது. நடக்கப் பழகணும், பேசப் பழகணும். கிட்டாரும் மறந்துபோச்சு. தன் பழைய வீடியோவைப் போட்டு, எந்தத் தந்தியில தன் விரல் இருந்துதுன்னு பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. தன் கையை, தானே!

2022 ஜூலை, அமெரிக்காவுல நியூபோர்ட் இசை விழா மேடை. 78 வயசு. கிட்டாரைக் கையில எடுத்தாங்க. 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்', அவங்க எழுதின பாட்டு. வாயைத் திறக்கலை, நண்பரே. ஒரு வரி பாடலை. வெறும் தந்தி, அந்த விரல்.

அதைப் பார்த்து நான் அழுதேன். வணக்கம்.