ஆச்சியின் ஒட்டுத்துணி

(ஒரு தையல் வகுப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். விழாவுக்குப் பேசக் கூப்பிட்டபோது, "நான் பேசுவதெல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவதுதானே" என்றேன். "அப்படியே பேசுங்க அக்கா" என்றார்கள். சரி, இன்றைக்குக் கத்தவில்லை.

இதைக் கொஞ்சம் கைமாற்றிக் கைமாற்றிப் பாருங்கள். எங்கள் ஆச்சி தைத்த போர்வை. கடையில் குவில்ட் என்று ஜிப் வைத்த பையில் போட்டு விற்கிறார்களே, அதே சாமான்தான். எங்கள் வீட்டில் இதன் பெயர் ஒட்டுத்துணி. மேலே துண்டுகள், அடியில் ஒரு சுங்குடிச் சேலை, நடுவே இரண்டு பழஞ்சேலை. இந்தப் பச்சை என் பள்ளிக்கூடப் பாவாடை. கட்டம் போட்டது அப்பாவின் லுங்கி. இந்த மஞ்சள் யாருடைய சட்டை என்று எனக்கும் என் அக்காவுக்கும் இன்னும் வழக்கு ஓடுகிறது. அப்புறம் இந்த ஓரம். இதுவரை தையல் அரிசி மணி மாதிரி ஒரே அளவில் வருகிறது. இங்கிருந்து ஒரு சாண் தூரம் கோணல்மாணல். அது நான், ஒன்பது வயதில். பிரித்துவிட்டு ஆச்சியே தைத்திருக்கலாம். பிரிக்கவில்லை.

வங்காளத்தில் பழஞ்சேலைகளை இப்படி அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ரன்னிங் ஸ்டிச் ஓட்டித் தைப்பார்கள். அதற்குப் பெயர் காந்தா. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோமே, அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் சமஸ்கிருதத்தின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. அங்கே அது கலையாகி ஷோரூமுக்குப் போய்விட்டது. இங்கே நாம் அதை வசவாக வைத்துக்கொண்டோம்.

இப்போது உங்களைத் தூரமாக ஒரு ஊருக்குக் கூட்டிப் போகிறேன். அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட். ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் கிடக்கிற ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வம்சத்தினர்தான் அங்கே குடியிருப்பவர்கள். நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. பழைய முதலாளியின் பெயர். பலகை வீட்டின் சந்துகளில் குளிர்காற்று புகும். அதற்காகத் தைத்தார்கள், அழகுக்காக அல்ல. வயலில் போட்டுக் கிழிந்த கால்சட்டை, மாவு மூட்டைத் துணி, எது கிடைத்தாலும் சரி. அந்தப் போர்வைகளில் முட்டி தேய்ந்த இடம் வெளிறிக் கிடக்கும். பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் அடர் நீலமாக இருக்கும்.

அவர்கள் வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாக ஒட்டுவாள். அதில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது; அது அவள் இஷ்டம். பஞ்சு வைத்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிறகுதான் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, பாட்டும் பேச்சுமாக ஊசி ஓட்டுவார்கள். பெரிய போர்வைக்கு நடுவில் ஒற்றைக் கை எட்டாது, அது வேறு விஷயம்.

1942-இல் மிசோரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் மாதக்கணக்கில் நோயில் கிடந்து இறந்துபோனார். அவர் வேலைக்குப் போட்ட துணிகளையெல்லாம் எடுத்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை செய்யப் போகிறேன் என்றார் மிசோரி. துணியைக் கிழிக்கக் கூட இருந்தவள் பதினேழு, பதினெட்டு வயது மகள் ஆர்லான்சியா. பிற்பாடு அவர் சொல்லித்தான் இந்தக் கதை வெளியே தெரிந்தது. நம் ஊரில் செத்தவர் துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறோம். அதையும் நான் குறை சொல்லவில்லை.

1962-இல் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுரிமைக்காக அக்கரைக்குப் போய்ப் பதிவு செய்யத் தொடங்கியதும், கறுப்பினத்தார் ஓட்டுப் போடுவதை விரும்பாத அதிகாரிகள் ஆற்றைக் கடக்கும் படகையே நிறுத்திவிட்டார்கள். சாலை வழியே சுற்றிப் போக ஒரு மணி நேரம். படகு திரும்பி வர 2006 ஆனது. இதற்கு நடுவே, 1966-இல், அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்று கூட்டுறவு தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் கடையிலிருந்து கார்டுராய் என்கிற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைக்கு ஆர்டர் வந்தது. ஒரே அளவு, ஒரே தையல். பிளவுஸ் ஆர்டர் எடுத்துத் தைக்கிற நமக்கு அந்தச் சலிப்பைச் சொல்லித் தர வேண்டாம். ஆனால் வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீட்டுக்குப் போயின. ஆர்டருக்குத் தைத்த உறைகளை இன்று யாரும் தேடவில்லை. மிச்சத்தில் தைத்த போர்வைகள் மியூசியத்தில் தொங்குகின்றன. 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகளை மாட்டிவைத்தார்கள். 2006-இல் அமெரிக்காவில் அவற்றுக்குத் தபால்தலைகூட வந்தது.

நம் கட்டிங் மேஜைக்கு அடியில் மூன்று சாக்கு துண்டுத்துணி கிடக்கிறது. இதுவரை எடைக்குப் போட்டுவிடுவோம். போன மாதம் நான்கு பேர் அதிலிருந்து துண்டு பொறுக்கி ஒட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்காருகிறோம். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி மூன்று வாரமாகச் சொல்லி வருகிறாள், இன்னும் முடியவில்லை. பார்டர் முடிந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. வீடு மாற்றும்போது இந்தப் போர்வையில் பாத்திரம் சுற்றினேன். கத்தி இருந்ததைப் பார்க்கவில்லை. இதோ, இந்த மூலை கிழிந்திருக்கிறது. புத்தி கெட்ட வேலை, ஆச்சி இருந்தால் வாங்கிக் கட்டியிருப்பேன். அந்த மேஜையில் ஊசியும் வெள்ளை நூலும் வைத்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகளும் வரலாம். தையல் கோணலாகப் போனால் பிரிக்க மாட்டேன்.