'கிடி' என்றால் மயக்கமா, மகிழ்ச்சியா?

வணக்கம் நண்பர்களே. இன்று 'கிடி' என்ற ஓர் ஆங்கிலப் பெயரடையைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். தலை சுற்றினால் நம்மில் பலர் மருத்துவரிடம் 'கிடியாக இருக்கிறது' என்றுதான் சொல்கிறோம். அது தவறன்று, அகராதிகளும் அந்தப் பொருளைத் தருகின்றன. ஆனால் அமெரிக்காவில் இன்று அந்தச் சொல்லைக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தோன்றுவது, தலைகால் புரியாத மகிழ்ச்சிதான்.

அங்கே ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் என் அம்மா 'ஐ ஆம் கிடி' என்று சொன்னபோது, எதிரே இருந்த பெண் முகம் மலர்ந்து, என்ன நல்ல செய்தி என்று கேட்டார். அம்மாவோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்று எனக்கு ஏற்பட்ட பதற்றம்தான் இந்தக் காணொளிக்குக் காரணம்.

அங்கே 'டிஸ்ஸி' என்று சொன்னால் குழப்பம் வராது. அதிலும், கண் இருண்டு விழப்போவதுபோல் இருந்தால் 'லைட்ஹெடட்' என்றும், அறையே சுழல்வதுபோல் இருந்தால் 'வெர்டிகோ' என்றும் பிரித்துச் சொல்வது நல்லது; ஏனென்றால் முன்னதற்கு இரத்த அழுத்தம் குறைவதும், பின்னதற்கு உட்காதில் ஏற்படும் கோளாறும் காரணமாக இருக்கலாம். சிறுவயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்ற பிறகும் வாசலும் வேப்பமரமும் சுற்றிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? உடல் நின்றுவிட்டாலும், காதுக்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் உடனே நிற்பதில்லை என்பதால்தான் அப்படித் தோன்றுகிறது.

பழைய ஆங்கிலத்தில் 'கிடி' என்பதன் மூலச்சொல், சித்தம் கலங்கியவரை, தெய்வமோ ஆவியோ பிடித்தவரைக் குறித்தது. கடவுளைக் குறிக்கும் 'காட்' என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது என்கிறார்கள். நாம் 'சாமி வந்தவர்' என்று சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். 'டிஸ்ஸி' என்பதற்கோ, தொடக்கத்தில் 'அறிவற்ற' என்று பொருள். தமிழில் 'கிறக்கம்' என்ற சொல் தலைச்சுற்றலையும் இன்ப மயக்கத்தையும் சேர்த்தே தாங்குவதால், 'கிடி'க்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

மகிழ்ச்சியைச் சொல்லும்போது 'கிடி வித் ஜாய்' என்று 'வித்' சேர்த்து எழுதுங்கள். புகழின் உச்சத்தைக் குறிக்க 'கிடி ஹைட்ஸ்' என்ற வழக்கும் உண்டு.

அம்மா இப்போதெல்லாம் 'டிஸ்ஸி' என்றே சொல்கிறார். அறை சுழன்றால், ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுழற்றியும் காட்டிவிடுகிறார்.